எட்டாவது சர்வர்

சர்வர் என்றதும் என் வயதுக்காரர்களுக்கு நாகேஷ்தான் ஞாபகத்துக்கு வருவார். என் பேரன் வேலை பார்க்கும் இடத்தில் சர்வர் என்பது அலமாரியில் தட்டுத் தட்டாக அடுக்கி வைத்த கணினி. நாம் பாங்கில் பணம் எடுத்தாலும், ரயிலுக்கு டிக்கெட் பதிவு செய்தாலும், கேட்டதைக் கொண்டு வந்து வைப்பது அதுதான். ஆகவே பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

பொங்கலுக்கு வந்திருந்தவன் ராத்திரி பதினொரு மணிக்கும் மடிக்கணினியை மூடவில்லை.

"தூங்கலையா தம்பி?" என்றேன்.

"ஆபீஸ் சர்வர்ல எல்லாம் ஃபர்ம்வேர் அப்டேட் போட்டிருக்கு தாத்தா. சரியா ஏறியிருக்கான்னு பார்க்கணும்."

"அதான் போட்டாச்சே, அப்புறம் என்ன?"

அவன் சிரித்தான். "போட்டாச்சுங்கறது நாங்க சொல்றது. ஏறிடுச்சுங்கறதை மெஷின் சொல்லணும்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க ஆபீசில் நான் செய்த வேலை, சில நாள் செய்யாமல் விட்ட வேலை, இரண்டும் அந்த வார்த்தைக்குள் இருந்தன.

நான் எல்.டி.சி.யாகச் சேர்ந்த காலத்தில் ஜெராக்ஸ் கிடையாது. டிராஃப்ட் ஒப்புதலாகி வந்தால் டைப்பிஸ்ட் ஃபேர் காப்பி அடிப்பார். அதன்பின் இரண்டு பேர் உட்கார வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார்; மற்றவர் ஃபேர் காப்பியில் வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டு வருவார். முடிந்ததும் ஓரத்தில் இருவரும் சுருக்கெழுத்து இடுவார்கள். "ஒப்பிட்டேன்" என்பதற்கு அதுதான் அத்தாட்சி. பிரெஞ்சில் இந்த வேலைக்கு "கொலாசியொனே" என்று பெயர். எங்கள் பள்ளிக்கூடத்து மொழியில் "கொலாசியோன்" என்றால் ஒப்பிடுவது என்றும் பொருள், சிற்றுண்டி என்றும் பொருள். ஒப்பிடும் நேரத்தில் டீயும் வடையும் வரவழைத்துக்கொண்டு இரண்டு பொருளையும் ஒன்றாக நிறைவேற்றியவர்கள் எங்கள் செக்ஷனில் உண்டு.

இனி இந்த ஃபர்ம்வேர் சங்கதிக்கு வருகிறேன். கணினியில் கையால் தொடக்கூடிய இரும்பும் தகடும் ஹார்ட்வேர். அதில் ஓடும் கட்டளைகள் சாஃப்ட்வேர். இரண்டுக்கும் நடுவே, இயந்திரத்துக்குள்ளேயே குடியிருந்து, மின்சாரம் வந்தவுடன் "நீ இன்னது, உன் வேலை இன்னது" என்று அதை எழுப்பிவிடும் கட்டளைகள் உண்டு. இப்படி நடுவில் இருப்பதற்கு 1967-இல் ஆஷர் ஓப்ளர் என்ற அமெரிக்கர் டேட்டாமேஷன் என்ற பத்திரிகையில் எழுதும்போது "ஃபர்ம்வேர்" என்று பெயர் வைத்தார். கெட்டியும் இல்லை, இளக்கமும் இல்லை, உறுதியானது என்ற அர்த்தத்தில்.

ஆரம்பத்தில் பல இயந்திரங்களில் இதை மாற்றவே முடியாது. சில்லு செய்யும்போதே பொறித்துவிடுவார்கள். பிழை இருந்தால் சில்லையே கழற்றி எறிய வேண்டியதுதான். 1971-இல் இன்டெல் நிறுவனம், டோவ் ஃப்ரோமன் என்பவர் கண்டுபிடித்த புதுவகைச் சில்லை வெளியிட்டது. அதன் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே புற ஊதா ஒளியைக் காட்டினால் எழுதியது அழிந்துவிடும்; மறுபடி எழுதலாம். பலகையிலிருந்து கழற்றி, விளக்கின் கீழ் வைத்து, எழுதி, மீண்டும் செருக வேண்டும். 1984-இல் ஜப்பானின் தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா ஃபிளாஷ் நினைவகத்தை அறிவித்தார். அதன்பின் படிப்படியாக, கழற்றாமலே, மின்சாரத்தாலேயே அழித்து எழுதுவது சாதாரணமாயிற்று. இன்று எங்கோ இருந்துகொண்டு ஆயிரம் மைலுக்கு அப்பாலுள்ள இயந்திரத்தின் ஃபர்ம்வேரை மாற்றலாம்.

வசதி வந்தபோது கூடவே ஆபத்தும் வந்தது. கையால் சில்லைக் கழற்றி மாட்டியவனுக்கு எதை மாட்டினோம் என்று தெரியும். தூரத்திலிருந்து அனுப்புகிறவனுக்கு அனுப்பினோம் என்பது மட்டுமே தெரியும். 1999 ஏப்ரல் 26-ஆம் தேதி செர்னோபில் என்று பேர் பெற்ற கணினி வைரஸ் கிளம்பியது. அணு உலை விபத்து நடந்ததும் 1986-இல் அதே தேதியில்தான். அதனால் அந்தப் பெயர். அது சில வகைக் கணினிகளில் எழுப்பிவிடும் சில்லிலேயே குப்பையை எழுதிவிட்டது. மறுநாள் பொத்தானை அழுத்தினால் திரை கறுப்பாகவே கிடந்தது. எழுத முடிந்த இடத்தில் தப்பாகவும் எழுத முடியும் என்பது அன்று பலருக்கும் புரிந்தது.

அது பகைவன் செய்த வேலை. பகைவன் யாருமே இல்லாமல், ஏறியதா என்று பார்க்காத ஒரே காரணத்தால் கவிழ்ந்த கதையைத்தான் நான் சொல்ல நினைத்தேன். அதில் மாற்றியது ஃபர்ம்வேரை அல்ல, சர்வரில் ஓடும் சாஃப்ட்வேரை. ஆனால் நோய் ஒன்றே.

அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்று ஒரு நிறுவனம். நைட் என்றால் இரவல்ல. நடிகர் திலகத்துக்குப் பிரான்ஸ் கொடுத்ததே ஷெவாலியே, அந்த வார்த்தைக்கு ஆங்கிலத்தில் நைட். பங்குச் சந்தையில் பிறருடைய வாங்கல் விற்றல்களை நடத்திக் கொடுப்பது அதன் தொழில். 2011, 2012-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை வியாபாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதன் வழியாக நடந்தது. 2012 ஆகஸ்ட் 1-ஆம் தேதி நியூயார்க் பங்குச் சந்தை ஒரு புதிய திட்டத்தைத் தொடங்க இருந்தது. அதில் கலந்துகொள்ள நிறுவனம் தன் சர்வர்களில் புது நிரல் ஏற்ற வேண்டியிருந்தது. சர்வர்கள் எட்டு. ஜூலை 27-ஆம் தேதி தொடங்கிச் சில நாளில் படிப்படியாக ஏற்றினார்கள்.

ஏழில் ஏறியது. எட்டாவதில் புது நிரலை நகலெடுத்து வைக்க ஒரு தொழில்நுட்ப ஊழியர் விட்டுவிட்டார். மனிதர் மறப்பது இயல்பு. ஆனால் இன்னொருவர் உட்கார்ந்து எட்டையும் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க வேண்டும் என்று எழுதி வைத்த விதியும் அங்கே இல்லை.

எட்டாவதில் புதியது இல்லாமல் போனதோடு நின்றிருந்தால் பெரிய நஷ்டம் வந்திராது. அதில் "பவர் பெக்" என்ற பழைய நிரல் ஒன்று கிடந்தது. 2003-லேயே உபயோகம் நின்றுபோனது, யாரும் அழிக்கவில்லை. பெரிய ஆர்டரைச் சின்னச் சின்ன ஆர்டர்களாகப் பிரித்து அனுப்பும்போது, "கேட்ட அளவு வாங்கியாயிற்று, போதும்" என்று நிறுத்த ஒரு எண்ணிக்கைக் கணக்கு வேண்டும். 2005-இல் அந்தக் கணக்கை நிரலில் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். பழையதுதானே என்று பவர் பெக்கை மறுபடி சோதித்துப் பார்க்கவில்லை. ஆக, அதை எழுப்பினால் நிறுத்தத் தெரியாது. இதற்கு மேல், புது நிரலைக் கூப்பிட அவர்கள் தேர்ந்தெடுத்த அடையாளம், ஒரு காலத்தில் பவர் பெக்கைக் கூப்பிட வைத்திருந்த அதே அடையாளம்.

ஆபீஸ் பாஷையில் சொன்னால் இப்படி. மூடிவிட்ட ஒரு செக்ஷனின் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, "இனி இந்த முத்திரைக்குப் புது அர்த்தம்" என்று ஏழு குமாஸ்தாக்களுக்குச் சர்க்குலர் போயிற்று. எட்டாமவருக்குச் சர்க்குலர் போகவில்லை. முத்திரையைப் பார்த்ததும் அவர் பழைய வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டார்.

அன்று காலை ஒன்பதரைக்குச் சந்தை திறந்தது. வந்தவை 212 சிறு ஆர்டர்கள். அவற்றை வைத்துக்கொண்டு எட்டாவது சர்வர் லட்சக்கணக்கில் ஆர்டர்களைக் கொட்டியது. ஏறக்குறைய 45 நிமிஷத்தில் 154 நிறுவனங்களின் பங்குகளில் 40 லட்சம் வியாபாரங்கள், 39 கோடிக்கும் அதிகமான பங்குகள். நொடிக்குக் கிட்டத்தட்ட 1,500 வியாபாரம் என்று கணக்கு வருகிறது. கேட்காமலே வாங்கியவை சுமார் 350 கோடி டாலர். கேட்காமலே விற்றவை சுமார் 315 கோடி டாலர். எல்லாம் தீர்த்தபோது நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். நிமிஷத்துக்கு ஒரு கோடி டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் இரண்டு விஷயம் என்னை மிகவும் உறுத்தியது.

முதலாவது, சந்தை திறக்குமுன்பே, காலை எட்டு மணி முதல், பவர் பெக் பெயரைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்களை அந்தக் கணினி அமைப்பே ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. அவை அபாய அறிவிப்பு என்று வகுக்கப்பட்டவை அல்ல. ஆகவே யாரும் பொருட்படுத்தவில்லை. ஒன்றரை மணி நேரம் இயந்திரம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

இரண்டாவது, தவறு நடக்கிறது என்று தெரிந்த பிறகு அவர்கள் செய்தது. புது நிரலில்தான் கோளாறு என்று எண்ணி, அது சரியாக ஏறியிருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் அவற்றிலும் பவர் பெக் விழித்துக்கொண்டது. எதில் எது இருக்கிறது என்று சரியான பட்டியல் கையில் இல்லாதவன், நெருக்கடியில் நல்லதைப் பிடுங்கிவிட்டுக் கெட்டதை வைத்துக்கொள்வான். சரிபார்த்தல் என்பது பிழையைக் கண்டுபிடிக்க மட்டுமன்று. பிழை வந்த பிறகு எங்கே கை வைப்பது என்று தெரிவதற்கும் அதுதான் ஆதாரம்.

இரண்டே நாளில் நிறுவனத்தின் பங்கு விலை ஏறக்குறைய முக்கால் பங்கு விழுந்தது. முதலீட்டாளர்கள் சிலர் சேர்ந்து 40 கோடி டாலர் கொடுத்துக் கைதூக்கிவிட்டார்கள். ஆனாலும் அடுத்த வருஷமே அது இன்னொரு நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு ஆணையம் 2013 அக்டோபரில் 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. நான் மேலே எழுதிய விவரங்களில் பெரும்பாலானவை அந்த ஆணையத்தின் உத்தரவில் உள்ளவை. படிக்கும்போது பழைய தணிக்கைக் குறிப்பைப் படிப்பது போலவே இருந்தது.

இதற்கு நேர் எதிராக, ஒரு வேலையைப் பார்த்துச் செய்வது எப்படி என்பதற்கும் சரித்திரத்தில் சாட்சி உண்டு. 1977-இல் நாஸா அனுப்பிய வாயேஜர் 2 விண்கலம் இன்னமும் போய்க்கொண்டிருக்கிறது. 2023 அக்டோபர் 20-ஆம் தேதி அதன் கணினிக்கு ஒரு திருத்தம் அனுப்பினார்கள். செய்தி போய்ச் சேரவே 18 மணி நேரத்துக்கு மேல். பதில் வர இன்னொரு 18 மணி. அங்கே போய்ச் சில்லைக் கழற்றிப் பார்க்க ஆளில்லை. அவர்கள் செய்தது என்ன? திருத்தத்தை ஏற்றினார்கள். விண்கலத்தின் நினைவகத்தில் இப்போது எழுதியிருப்பதைத் திரும்பப் படித்து அனுப்பச் செய்து, சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். அது வேலை செய்கிறதா என்று பார்க்கும் கட்டளையை எட்டு நாள் தள்ளி, அக்டோபர் 28-க்கு வைத்தார்கள். ஏற்றுவது ஒன்று, இருக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று, ஓடுகிறதா என்று பார்ப்பது மூன்றாவது. மூன்றையும் தனித்தனியே செய்தார்கள்.

அவர்கள் இவ்வளவு பயப்படக் காரணம் உண்டு. 1976-இல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் 1 ஆறு வருஷத்துக்கு மேல் நன்றாக உழைத்தது. 1982 நவம்பரில் அதன் பாட்டரிகள் நன்றாகச் சார்ஜ் ஆக ஒரு திருத்தம் அனுப்பினார்கள். அது போய் உட்கார்ந்த இடத்தில், பூமியை நோக்கி ஆன்டெனாவைத் திருப்பும் விவரங்கள் இருந்தன. அவை அழிந்தன. ஆன்டெனா வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. அதோடு பேச்சு நின்றது.

இப்போதைய சர்வர்களில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று பேரனைக் கேட்டேன். சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன். உற்பத்தியாளர் கொடுத்த கோப்புக்கு ஒரு கைரேகை உண்டு. 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட வரி. கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த வரி முழுக்க வேறாகிவிடும். நம் கணக்குப் பேரேட்டில் பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை போடுவோமே, அதன் பேத்தி என்று வைத்துக்கொள்ளலாம். அது பொருந்தினால் வழியில் எதுவும் கெடவில்லை. அடுத்தது, டிஜிட்டல் கையெழுத்து. அனுப்பியவர் உண்மையில் அவர்தானா என்பதற்கு. அதன்பின் இயந்திரத்தை மறுபடி தொடங்க வேண்டும். பல ஃபர்ம்வேர்கள் கோப்பாக வந்து உட்கார்ந்திருக்கும். திரும்பத் தொடங்கும்வரை பழையதே ஓடிக்கொண்டிருக்கும். சர்க்குலர் மேசைமேல் கிடக்கிறது, யாரும் பிரித்துப் படிக்கவில்லை என்பது போல. தொடங்கிய பின் இயந்திரத்தையே கேட்க வேண்டும், இப்போது உன்னிடம் ஓடும் பதிப்பு எண் என்ன என்று. ஏற்றிய கருவி "வெற்றி" என்று பச்சையில் காட்டுவது போதாது. கடைசியாக, எல்லா இயந்திரங்களின் எண்ணையும் பக்கத்தில் பக்கமாக எழுதி ஒப்பிட வேண்டும். 2018-இல் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் ஃபர்ம்வேருக்காக வெளியிட்ட வழிகாட்டியும் மூன்றே காரியத்தைத்தான் சொல்கிறது: காப்பாற்று, கெட்டால் கண்டுபிடி, பழைய நல்ல நிலைக்கு மீட்டுக்கொள்.

இவ்வளவும் எழுதிவிட்டு என் கணக்கைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

ஒரு கடைநிலை ஊழியர் ஓய்வு பெற்றார். அவருடைய பென்ஷன் காகிதத்தில் வேலையில் சேர்ந்த வருஷம் 1956. ஃபேர் காப்பியில் 1965 என்று விழுந்திருந்தது. டைப்பிஸ்டின் விரல் முன்பின் ஆகிவிட்டது. அதைப் பிடிக்க வேண்டிய இரண்டாவது ஆள் நான். அன்று தபால் போகும் நேரம் நெருங்கிவிட்டது, சூப்பிரண்டெண்ட் அவசரப்படுத்தினார். நான் ஒப்பிடாமலே "ஒப்பிட்டேன்" என்று சுருக்கெழுத்துப் போட்டேன். ஒன்பது வருஷ உழைப்பு காகிதத்திலிருந்து மறைந்தது. பென்ஷனும் குறைந்தது, பணிக்கொடையும் குறைந்தது. மகள் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். வட்டிக்குக் கடன் வாங்கினார். திருத்தி வாங்கித் தர ஏழு மாதம் ஆயிற்று. பாக்கிப் பணம் வந்தது. கட்டிய வட்டி வரவில்லை.

நானே போய் அவரிடம் ஒப்புக்கொண்டேன். "எழுத்துப் பிழைதானே சார், விடுங்க" என்றார் பெரியவர். எழுத்துப் பிழை டைப்பிஸ்டுடையது. என்னுடையது பொய்க் கையெழுத்து. நைட் கேப்பிட்டலில் இரண்டாவது ஆள் இல்லை. எங்கள் ஆபீசில் இருந்தான், அவன் பார்க்கவில்லை. எது மேல் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த ராத்திரி பேரனிடம் கேட்டேன்: "மொத்தம் எத்தனை சர்வர்?"

"பன்னெண்டு தாத்தா."

பழைய காலண்டர் தாள் ஒன்றை எடுத்து, பின்பக்கத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதினேன். "நீ படி, நான் பார்க்கிறேன்."

ஒவ்வொரு சர்வரையும் கேட்டு, அது சொன்ன எண்ணை உரக்கப் படித்தான். நான் விரல் வைத்துப் பார்த்து டிக் போட்டேன். எட்டாவது வந்தபோது இன்னொரு தரம் படிக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே படித்தான். பன்னிரண்டும் சரியாக இருந்தன. சரியாக இருக்கிற நாளில் இந்த வேலை வீண் வேலையாகத்தான் தோன்றும். தாளின் ஓரத்தில் அவனையும் சுருக்கெழுத்துப் போடச் சொல்லி, நானும் போட்டேன்.